ஜெயிலுக்குள் ஒரு சாதாரண நாள்

ஜெயில் போட்டோ என்றால் நமக்கு ஞாபகம் வருவது கலவரம், கைவிலங்கு, தூக்குமேடை... இவ்வளவுதான். ஆனால் ஒருவர் ஜெயிலுக்குள் போய், அங்கே தினம் தினம் நடப்பதை மட்டும் 14 மாதம் படம் எடுத்தார். அவர் டேனி லையன் என்ற அமெரிக்கர். எடுத்த இடம் டெக்சாஸ். தொடங்கியது 1967-ல், அப்போது அவருக்கு வயது 25. அதற்கு முன்னால் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டங்களைப் படம் பிடித்தவர்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், அவர் திருட்டுத்தனமாக உள்ளே போகவில்லை. டெக்சாஸ் சிறைத்துறைத் தலைவர் ஜார்ஜ் பெட்டோ தாராளமாக அனுமதி கொடுத்தார். கட்டுப்பாடான, செலவு குறைந்த சிறைகள் என்று அன்று டெக்சாஸுக்கு நல்ல பெயர். மறைக்க வேண்டியது எதுவும் இல்லை என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும்.

சரி, படங்களில் என்ன இருக்கிறது? வெள்ளை உடுப்பில் வரிசையாகப் பருத்தி எடுக்கும் கைதிகள். துப்பாக்கியோடு குதிரை மேல் காவலர்கள். வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்த ஒருவர். வேலை முடிந்து திரும்பும்போது எல்லோரையும் நிர்வாணமாக நிறுத்திச் சோதனை. டோமினோ ஆட்டம். அவ்வளவுதான்.

ஆனால் பார்ப்பவர்களுக்குச் சட்டென்று வேறொன்று தெரியும். பருத்திக்காடு, குனிந்த முதுகுகள், அவற்றில் பல கறுப்பின மக்களுடையவை, குதிரை மேல் ஒருவன். இது அடிமைக்காலம் அல்லவா! 1865-ல் அடிமைமுறையை ஒழித்த 13-வது சட்டத்திருத்தமே, குற்றத்துக்கான தண்டனைக்கு மட்டும் விலக்கு வைத்தது. அந்த ஓட்டை வழியாகக் கைதிகளைத் தோட்ட முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். பிறகு அரசாங்கமே பண்ணை நடத்தியது. கூலி கிடையாது. காமர்ஸ் படிக்கிற நான் இதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. கணக்கில் 'குறைந்த செலவு' என்று ஒரே வரியில் முடிகிற விஷயம், போட்டோவில் ஒரு மனிதனின் முதுகாக நிற்கிறது.

கைதி ஒருவரின் கடிதங்கள், ஓவியங்களையும் சேர்த்து 1971-ல் லையன் இதைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். 1972-ல் டேவிட் ரூயிஸ் என்ற கைதி கையால் எழுதிய மனு பெரிய வழக்காக வளர்ந்தது. 1980-ல் நீதிபதி வில்லியம் வேய்ன் ஜஸ்டிஸ், டெக்சாஸ் சிறைகளின் நிலை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார். அது புத்தகத்தால் வந்த தீர்ப்பு அல்ல. வழக்குப் போட்டவர்கள் கைதிகள். போட்டோவை அதற்கு மேல் உயர்த்திப் பேசுவது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. பெட்டோ அனுமதி கொடுத்தார், சரி. நிர்வாணமாக நின்றவர்களிடம் யார் கேட்டார்கள்? வேண்டாம் என்று சொல்லவோ, விலகிப் போகவோ அவர்களுக்கு வழி இருந்ததா?

இருந்தாலும் அந்தப் படங்கள் தேவைப்பட்டன என்றே நினைக்கிறேன். கைதியை அடிக்கிற படம் வந்தால் 'ஏதோ ஒரு காவலர் செய்த தவறு' என்று அதிகாரிகள் சொல்லித் தப்பிக்கலாம். சாதாரண நாளின் படத்துக்கு அப்படிச் சமாதானம் சொல்ல முடியாது. அங்கே எல்லாம் விதிப்படிதான் நடந்தது.