ஸ்விங் இசைக்கு அடித்தளம் போட்டவர்... கைத்தட்டல் வேற ஒருத்தருக்கு! யார் இந்த ஃப்ளெட்சர் ஹெண்டர்சன்?

ஒரு பாட்டு ஹிட்டானா பாடினவர் பேர் உங்களுக்குத் தெரியும். டிரம்பெட் எங்கே வரணும், அதுக்கு சாக்ஸபோன் எப்படிப் பதில் சொல்லணும்னு எழுதிக்கொடுத்த அரேஞ்சர்? பெரும்பாலும் தெரியாது. ஜாஸ் உலகில் அப்படிப் பின்னால் நின்றவர்தான் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன்.

கெமிஸ்ட்ரி டு ஜாஸ்!

1897-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பிறந்தவர். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு 1920-ல் நியூயார்க் போனார். கறுப்பினத்தவர்களுக்கு அந்தத் துறையில் வாய்ப்பு அபூர்வமா இருந்த காலம். பியானோ கைகொடுத்தது. 1924-ல் ரோஸ்லேண்ட் பால்ரூமில் அவருடைய பேண்ட் வாசிக்க ஆரம்பித்தது. அதே வருஷம் லூயி ஆம்ஸ்ட்ராங் வந்து சேர்ந்தார்; கோல்மன் ஹாக்கின்ஸ் ஏற்கெனவே அங்கே இருந்தார். செம டீம்ல!

என்ன புதுசு?

அரேஞ்சர் டான் ரெட்மனோடு சேர்ந்து ஹெண்டர்சன் பேண்டை அணி அணியாகப் பிரித்தார். பித்தளை வாத்தியங்கள் கேள்வி கேட்கும், சாக்ஸபோன்கள் பதில் சொல்லும், நடுவில் ஒருத்தர் தனியாகக் கலக்குவார். பிக் பேண்ட் இசையின் ஃபார்முலாவே பிறகு இதுதான்.

கை மாறிய வெற்றி

பேண்ட் பிரபலமா இருந்தாலும், அதைத் திறமையா நிர்வகிக்க அவருக்கு வரலை. 1934-ல் நெருக்கடி முற்ற, தன் அரேஞ்ச்மென்ட்களை வெள்ளையரான பென்னி குட்மேனுக்கு விற்றார். 1935 ஆகஸ்ட் 21, லாஸ் ஏஞ்சலீஸின் பாலோமர் பால்ரூம். ரேடியோவில் கேட்டுப் பழகியிருந்த இளைஞர்கள் அந்த இசைக்கு ஆர்ப்பரித்தார்கள். ஸ்விங் யுகம் தொடங்கிய இரவுன்னு அதைத்தான் சொல்வாங்க. குட்மேன் 'ஸ்விங் மன்னர்' ஆனார். ஹெண்டர்சனின் பங்கை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் போஸ்டரில் இருந்த பேர் குட்மேனுடையது. 1939-ல் ஹெண்டர்சன் அவரிடமே வேலைக்குச் சேர்ந்தார். 1950-ல் பக்கவாதம், 1952-ல் மரணம்.

1961-ல் அவருடைய ரெக்கார்டிங்குகளைத் தொகுத்து கொலம்பியா நிறுவனம் 4 எல்.பி-க்களாக வெளியிட்டது. தலைப்பு, 'எ ஸ்டடி இன் ஃப்ரஸ்ட்ரேஷன்'. 'விரக்தி பற்றி ஓர் ஆய்வு'!

பிளேலிஸ்ட்டில் சேருங்க!

* சுகர் ஃபுட் ஸ்டாம்ப் (1925): ஆம்ஸ்ட்ராங்கின் சோலோவுக்காக.

* கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்: முதலில் ஹெண்டர்சன் பேண்டின் பதிவு, அடுத்து குட்மேனின் 1935 பதிவு. ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க. யாருடைய மூளைன்னு உங்க காதே சொல்லிடும்!