பொய்த் தீவுகளின் மெய்ச் சுவடிகள்: அமெரிக்க ‘டீக்கி’ப் பண்பாட்டின் மீட்டெழுச்சி

2000ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் ‘கஹிக்கி’ என்னும் உணவகம் இடித்துத் தள்ளப்பட்டது. 1961இல் எழுப்பப்பட்ட அக்கட்டடத்தின் வாயிலில், தலைமேல் தீ எரியும் இரு ஈஸ்டர் தீவுச் சிலைகள் நின்றன. உள்ளே மூங்கிலும் தென்னங்கீற்றும் செயற்கை மழையுமாக ஒரு தீவு இருந்தது. கடல் அங்கிருந்து பல நூறு மைல் தொலைவு. 1997இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறிய இக்கட்டடத்தை அப்பதிவு காப்பாற்றவில்லை. அவ்விடத்தில் ஒரு மருந்துக்கடை வந்தது. அதே 2000ஆம் ஆண்டில்தான், ஜெர்மனியில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் ஒளிப்பதிவாளராகப் பணியாற்றிய ஸ்வென் கிர்ஸ்டன் ‘தி புக் ஆஃப் டீக்கி’ என்னும் நூலை வெளியிட்டார். கட்டடம் வீழ்ந்த ஆண்டிலேயே அக்கட்டடக் கலைக்கு முதற்பெரும் வரலாற்று நூல் வந்து சேர்ந்தது.

டீக்கி என்பது என்ன? அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 டிசம்பரில் நீங்கியது. அதையடுத்து ஹாலிவுட்டில் எர்னெஸ்ட் கேன்ட் என்பவர் ‘டான்ஸ் பீச்கோம்பர்’ என்ற சிறு மதுக்கூடத்தைத் திறந்தார். அப்போது மலிவாகக் கிடைத்த ரம் வகைகளைப் பழச்சாறுகளோடும் நறுமணப் பாகுகளோடும் கலந்து, அறையை மீன்வலையாலும் மூங்கிலாலும் அலங்கரித்து, வாடிக்கையாளரைத் தென்கடல் தீவில் இருப்பதாக நம்பவைத்தார். பின்னர்த் தம் பெயரையே சட்டப்படி டான் பீச் என மாற்றிக்கொண்டார். ஓக்லாந்தில் விக்டர் பெர்ஜெரான் 1934இல் தொடங்கிய எளிய உணவகமும் சில ஆண்டுகளில் இவ்வழியைப் பின்பற்றி ‘ட்ரேடர் விக்ஸ்’ ஆயிற்று. இளமையில் நோயால் ஒரு காலை இழந்த பெர்ஜெரான், அதைச் சுறா கடித்துத் தின்றதாக வாடிக்கையாளரிடம் கதை சொல்வாராம். தொடக்க முதலே இப்பண்பாட்டில் கதைக்குரிய இடம் அத்தகையது.

அக்கதையின் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால் பாலினீசியா எங்கும் அகப்படாது. ரம் கரீபியக் கரும்பிலிருந்து வந்தது. தட்டில் இருந்த உணவு பெரும்பாலும் கேன்டனீயச் சீன உணவின் அமெரிக்கத் திரிபு. மதுவைக் கலந்தவர்களில் பலர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். உரிமையாளர் அமெரிக்க வெள்ளையர். சுவரில் தொங்கிய மர முகங்கள் மட்டுமே பசிபிக்கைச் சேர்ந்தவை. அவற்றிலும் ஹவாய், மார்க்கசாஸ், மாவோரி, ராப்பா நூயி மரபுகள் வேறுபாடின்றிக் கலந்து கிடந்தன.

போருக்குப் பின் இக்கனவு நாடு முழுவதும் பரவியது. பசிபிக் போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்கள் சதுப்பையும் மலேரியாவையும் மறந்து நிலவொளியை மட்டும் நினைவில் கொண்டனர். மறக்க உதவிய நூல்களும் வந்தன. ஜேம்ஸ் மிச்சனரின் கதைத்தொகுப்பு 1947இலும், அதனடிப்படையில் எழுந்த ‘சவுத் பசிபிக்’ இசை நாடகம் 1949இலும் வெளியாயின. 1947இல் நார்வேயைச் சேர்ந்த தோர் ஹயர்டால், பாய்மரத்தில் ஒரு தெய்வ முகத்தை வரைந்துகொண்டு, ‘கோன்-டீக்கி’ என்னும் கட்டுமரத்தில் பெருவிலிருந்து 101 நாள் மிதந்து ராரோயா தீவை அடைந்தார். 1957இல் மார்ட்டின் டென்னியின் ‘எக்ஸாட்டிகா’ இசைத்தட்டு, பறவைக் கூவலும் வைப்ரஃபோனுமாக, புறநகர் வரவேற்பறைகளைக் காடாக்கியது. 1959இல் ஹவாய் ஐம்பதாவது மாநிலமாயிற்று. 1963இல் டிஸ்னிலேண்டில் இயந்திரக் கிளிகள் பாடும் டீக்கி அறை திறக்கப்பட்டது.

இதே காலவரிசைக்கு அருகில் இன்னொன்றை வைத்துப் பார்க்கவேண்டும். 1946 மார்ச் மாதத்தில் பிக்கினித் தீவின் 167 குடிமக்கள் அமெரிக்கக் கடற்படையால் அங்கிருந்து அகற்றப்பட்டனர். 1946 முதல் 1958 வரை அங்கு 23 அணுகுண்டுகள் வெடிக்கப்பட்டன. மக்கள் 1970களில் திரும்பிச் சென்று, கதிரியக்கத்தால் 1978இல் மீண்டும் வெளியேற நேர்ந்தது. டீக்கியின் பொற்காலமும் அணுகுண்டுச் சோதனையின் காலமும் ஏறத்தாழ ஒன்றே. தென்கடல் என்றால் இன்பத்தீவு என்ற எண்ணம் உலகப் பொதுவானதும் அன்று. சென்னைத் துறைமுகத்திலிருந்து 1903 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழருக்கும் தெலுங்கருக்கும் அக்கடல் பிஜியின் கரும்புத் தோட்டமாகவே அமைந்தது. பாரதி பாடியதும் அத்தோட்டத்துப் பெண்களின் கண்ணீரைத்தான்.

வீழ்ச்சியைப் பற்றி விரிவாகக் கூற அதிகமில்லை. வியட்நாம் போரின் தொலைக்காட்சிக் காட்சிகள் வந்தபின் பனையோலைக் குடிசை கேளிக்கைப் பொருளாக நீடிப்பது கடினமாயிற்று. பெற்றோர் விரும்பியதைப் பிள்ளைகள் வெறுத்தனர். பானங்கள் தரம் கெட்டு, பொடியும் செயற்கைச் சாறும் கலந்த இனிப்புநீராயின. 1980களுக்குள் பெரும்பாலான கூடங்கள் மூடப்பட்டன.

மீட்டெழுச்சியோ தெருவோரப் பழம்பொருள் விற்பனையில் தொடங்கியது. ஒரு தலைமுறை வீசியெறிந்த பீங்கான் குவளைகளை அடுத்த தலைமுறை காசு கொடுத்து வாங்கியது. 1990களின் நடுவில் ‘டீக்கி நியூஸ்’ என்னும் சிற்றிதழ் தோன்றியது. கிர்ஸ்டன் தம் பணியை நகரத் தொல்லியல் என்றே அழைத்தார்: தீப்பெட்டி அட்டை, பழைய உணவுப்பட்டியல், இடிந்த விடுதியின் புகைப்படம் ஆகியவையே அவருடைய கல்வெட்டுகள். இது தனித்து நிகழ்ந்ததுமன்று. நூற்றாண்டின் நடுக்கால வீடுகள், நாற்காலிகள், விளக்குகள் அனைத்தின் மீதும் அக்காலத்தில் ஆர்வம் பெருகியது. 2006இல் பாம் ஸ்பிரிங்ஸ் நகரில் தொடங்கிய ‘மாடர்னிசம் வீக்’ அதன் நிலைபெற்ற வடிவம். இம்மீட்பாளருள் பலர் 1950களில் பிறந்திராதவர், அல்லது அன்று கைக்குழந்தைகளாக இருந்தவர். தாம் வாழாத காலத்துக்கான ஏக்கம் அவர்களுடையது; ஆகவேதான் அதற்கு ஆவணங்கள் தேவைப்பட்டன.

அந்த ஆவணத் தேடலில் மிகச் சிறந்த பகுதி ஒரு மதுவைப் பற்றியது. டான் பீச்சின் ‘ஸோம்பி’ 1930களில் பெரும்புகழ் பெற்றது. அதன் வீரியம் கருதி, ஒருவருக்கு இரண்டு குவளைக்கு மேல் தருவதில்லை என்றே விதி வைத்திருந்தார். போட்டியாளர் தம் பணியாளரைக் கவர்ந்து செல்வர் என அஞ்சிய அவர், செய்முறையைக் குறியீடுகளால் மறைத்தார். புட்டிகளில் பெயர் இராது. எண்ணும் புனைபெயருமே இருக்கும். கலப்பவருக்கே தாம் எதைக் கலக்கிறோம் என்பது தெரியாது. எனவே அச்சில் வந்த ஸோம்பிகள் எல்லாம் ஊகங்களாயின. ஒன்றுக்கொன்று பொருந்தாத பாடபேதங்கள் பெருகின.

ஜெஃப் பெர்ரி என்பவர் பல ஆண்டுகள் முதிய பணியாளர்களைத் தேடிச் சென்று, இறுதியில் டான் பீச்சிடம் பணியாற்றிய டிக் சான்டியாகோவின் சிறு குறிப்பேட்டை அவருடைய குடும்பத்தாரிடமிருந்து பெற்றார். 1937ஆம் ஆண்டுக்குரிய அவ்வேட்டில் ஸோம்பியின் செய்முறை இருந்தது; ஆனால் ஓர் உறுப்பு ‘டான்ஸ் மிக்ஸ்’ என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது. அதன் விளக்கம் வேறொரு மூலத்தில் கிடைத்தபோது, அது கிரேப்ஃப்ரூட் சாறும் ‘ஸ்பைசஸ் எண் 4’ உம் எனத் தெரிந்தது. அந்த எண் 4 எது? மற்றொரு முதிய கலவையாளரின் நினைவிலிருந்தே விடை வந்தது: இலவங்கப்பட்டை இட்ட சர்க்கரைப் பாகு. 2007இல் வெளியான ‘சிப்பின் சஃபாரி’ என்னும் நூலில் பெர்ரி இதனை விவரித்தார். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையரின் அனுபவங்களைப் படித்தவர்க்கு இக்கதை முற்றிலும் அயலாகத் தோன்றாது, பொருள்தான் வேறு. மூலபாடத்தை மீட்கும் முறையில், ஒப்புநோக்குவதில், உயிரோடிருக்கும் மரபாளரை வினவுவதில் இரண்டும் ஒரே ஒழுக்கத்தைச் சேர்ந்தவை.

தேடியது செய்முறையை, கிடைத்ததோ மனிதர்களும் சேர்த்து. டிக் சான்டியாகோவும், ‘டான்ஸ் பீச்கோம்பரின்’ தொடக்கக் காலத்திலேயே மது கலந்த ரே பூஹனும் பிலிப்பைன்ஸ் நாட்டவர். அந்நாடு 1898 முதல் 1946 வரை அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்தது. கலிஃபோர்னியாவின் வாட்சன்வில்லில் 1930இல் பிலிப்பைன்ஸ் தொழிலாளருக்கு எதிராகக் கலவரம் மூண்டது. 1934இன் டைடிங்ஸ்-மெக்டஃபி சட்டம் அவர்களை அயலார் என வகுத்து, ஆண்டுக்கு 50 பேர் மட்டுமே குடியேறலாம் என்றது. வயலிலும் தெருவிலும் வேண்டப்படாதவர்கள், மூங்கில் திரைக்குப் பின்னால் ‘தீவு மக்களாக’ வேண்டப்பட்டனர். பூஹன் 1961இல் சன்செட் பூலவார்டில் ‘டீக்கி-டி’ என்ற மிகச் சிறிய கூடத்தைத் தமக்கெனத் திறந்தார். அது அவருடைய குடும்பத்தார் கையில் தொடர்ந்தது. இவர்களுடைய பெயர்களை முதலாளிகளின் விளம்பரங்கள் சொல்லவில்லை. மீட்டெழுச்சியின் மிகப் பெரிய வரலாற்றுப் பயன் இதுவே எனலாம். மீட்பாளர் எவரும் இதை நாடிப் புறப்படவில்லை என்பதும் உண்மை.

ஆயினும் அந்த நுணுக்கம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. ஓர் அவுன்ஸில் எட்டில் ஒரு பங்கு பிழையாகக் கூடாது என்று வாதிடும் மீட்பாளர், குவளையின் மேலுள்ள முகம் யாருடையது என்று அரிதாகவே கேட்கிறார். மாவோரி, மார்க்கசாஸ் மரபுகளில் டீக்கி என்பது முதல் மனிதனோடு தொடர்புடைய பெயர். முன்னோரையும் தெய்வத்தையும் குறிக்கும் செதுக்குருவத்துக்கும் அதுவே பெயர். ஹவாயில் கிஈ, தஹீதியில் தீஈ. இவ்வுருவங்களுக்கு நேர்ந்த கதியும் வரலாற்றில் பதிவானதே. 1821இல் ருருட்டுத் தீவினர் கிறித்துவத்தை ஏற்று, தம் தெய்வ உருவங்களை இலண்டன் மிஷனரி சங்கத்தாரிடம் ஒப்படைத்தனர். அவற்றுள் ஒன்றான ‘ஆ’அ’, மேனியெங்கும் 30 சிற்றுருவங்கள் முளைத்தெழும் மரச்சிலை, முதலில் அச்சங்கத்தின் அருங்காட்சியகத்திலும் பின்னர்ப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் இடம்பெற்றது. அதன் வார்ப்பு ஒன்றைப் பிக்காஸோ வைத்திருந்தார். ஹவாயில் 1819இல் அரச குலமே பழைய விலக்குமுறையை ஒழித்து, கோயில் உருவங்களை அழிக்கச் செய்தது. பிறந்த மண்ணில் பெரும்பாலும் எரிந்தும் பறிபோயும் மறைந்த உருவம், ஒரு நூற்றாண்டுக்குப் பின் கலிஃபோர்னியாவில் உறிஞ்சுகுழல் செருகிய பீங்கானாகத் திரும்பியது.

இதற்கு மீட்பாளர் தரும் விடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. டீக்கி பாலினீசியாவைப் பற்றியதே அன்று. அது அமெரிக்கர் தம்மைப் பற்றிக் கண்ட கனவு, எனவே அமெரிக்க மக்கட்கலையாகவே அதைக் காக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். கிர்ஸ்டனின் நூலும் அதை அப்படியே அணுகுகிறது. ஃப்ளோரிடாவில் 1956இல் திறந்த ‘மை-காய்’ உணவகத்தில், தஹீதியைச் சேர்ந்த மிரேய் தார்ண்டன் பல பத்தாண்டுகள் நடனங்களை வடிவமைத்ததையும் அவர்கள் சுட்டலாம். தீவு மக்களுக்கும் இக்கூடங்களில் வாழ்வும் மேடையும் கிடைத்தன. மழையால் சிதைந்து 2020இல் மூடப்பட்ட அவ்வுணவகம் 2024இல் மீண்டும் திறந்தபோது பலர் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

எனினும் கனவு என்று பெயரிட்டதனால் அதன் பொருட்கள் யாருடையவை என்ற கேள்வி நீங்காது. ஹவாய்ப் பேராசிரியர் ஹௌனானி-கே டிராஸ்க் 1993இல் வெளியிட்ட ‘ஃப்ரம் எ நேட்டிவ் டாட்டர்’ நூலில், ஹவாய்ப் பண்பாட்டைச் சுற்றுலாவின் சரக்காக்குவது நில இழப்பின் தொடர்ச்சியே என்று கடுமையாக வாதிட்டார். அதே ஆண்டில்தான், 1893இல் ஹவாய் முடியாட்சியைக் கவிழ்த்ததற்கு அமெரிக்க நாடாளுமன்றம் முறைப்படி மன்னிப்புக் கோரியது. மறு ஆண்டில் டெரேசியா டேயைவா, நீச்சலுடையான பிக்கினி, தீவான பிக்கினியை எவ்வாறு பார்வையிலிருந்து மறைக்கிறது என்று எழுதினார். டீக்கியை மீட்கும் முதற் சிற்றிதழ்களும் இக்கட்டுரைகளும் ஒரே பத்தாண்டில் வெளிவந்தவை. இரு சாராரும் ஒருவரையொருவர் நெடுங்காலம் படித்ததாகத் தெரியவில்லை.

டீக்கிக் கூடங்கள் அமெரிக்காவில் மங்கிவந்த 1970களிலேயே பசிபிக்கில் வேறொரு மீட்டெழுச்சி நடந்துகொண்டிருந்தது. ஹயர்டாலின் கட்டுமரம் தென்னமெரிக்காவிலிருந்து மக்கள் மிதந்து வந்து குடியேறினர் என்று கூற முயன்றது. காற்றும் நீரோட்டமும் கொண்டுசேர்த்தவர்களே பாலினீசியர் என்பது அதன் உட்பொருள். மொழியியலும் தொல்லியலும் மரபணுவியலும் அம்மக்கள் ஆசியப் பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி வந்தவர் என்பதை நிறுவிவிட்டன. கடலோடும் அறிவு அவர்களுக்கு இருந்தது என்பதைக் கடலிலேயே காட்ட, ஹவாயில் ‘ஹோக்குலேஅ’ என்னும் இரட்டைப் படகு கட்டப்பட்டது. விண்மீன் நோக்கிக் கலஞ்செலுத்தும் கலை ஹவாயில் அற்றுப்போயிருந்தது. எனவே மைக்ரோனீசியாவின் சட்டவால் தீவிலிருந்து மாவ் பியைலுக் அழைக்கப்பட்டார். திசைகாட்டியும் வரைபடமும் இன்றி, விண்மீனையும் அலையின் போக்கையும் கொண்டு, 1976 மே மாதம் புறப்பட்ட அப்படகை ஏறத்தாழ ஒரு மாதத்தில் அவர் தஹீதிக்குக் கொண்டுசேர்த்தார். பாப்பேட்டே துறையில் பெருந்திரள் காத்திருந்தது. படகு கரை தொட்டதும் சிறுவர்கள் முண்டியடித்து ஏறியதில் அதன் பின்புறம் நீரில் அமிழ்ந்தது.