விதிப்புத்தகம் யார் கையில்?

பேடன் பவல் பிரிட்டனில் தொடங்கிய சாரணர் இயக்கம் இரண்டே ஆண்டுகளில் அட்லாண்டிக்கைத் தாண்டியது. 1910 பிப்ரவரி 8 அன்று அமெரிக்கச் சாரணர் அமைப்பு பதிவானது. பிரிட்டன் அமைப்புக்கு 1912இல் அரச சாசனம் கிடைத்தது. அமெரிக்க அமைப்புக்கு 1916இல் அந்நாட்டு நாடாளுமன்றமே சாசனம் வழங்கியது. கழுத்துத் துணி, உறுதிமொழி, முகாம் தீ, முடிச்சு என்று பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள். இரண்டும் லாப நோக்கற்றவை. இரண்டுமே ஊரார் பெற்ற பிள்ளைகளைத் தன்னார்வலர்களின் பொறுப்பில் காட்டுக்கும் மலைக்கும் அனுப்புகின்றன. உள்விதிகளைப் பெற்றோர் கண்ணில் படும்படி வைப்பதா, அலுவலகத்துக்குள் வைப்பதா என்பதில்தான் இரண்டும் நெடுங்காலம் வெவ்வேறு வழியில் நடந்தன.

பிரிட்டன் அமைப்பிடம் ‘கொள்கை, அமைப்பு, விதிகள்’ என்றொரு பெருந்தொகுப்பு இருக்கிறது. சாரணராக இல்லாதவரும் அதை எடுத்துப் படிக்கலாம். பொறுப்புக்கு வருகிற பெரியவரின் பின்புலத்தை எப்படிச் சரிபார்ப்பது, மலையேற்றத்துக்கு அழைத்துப்போக என்ன அனுமதி வேண்டும், புகார் வந்தவரை எப்படி இடைநீக்கம் செய்வது எல்லாம் அதில் உண்டு. இதோடு ஒரு சிறிய மஞ்சள் அட்டையும் பொறுப்பாளர் ஒவ்வொருவருக்கும் தரப்படுகிறது. பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், சந்தேகம் எழுந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை அந்த அட்டை சொல்கிறது. என் கண்ணுக்கு, தடித்த புத்தகத்தைவிட இந்த அட்டைதான் பெரிய விஷயம். அதைப் படித்த ஒரு தாய்க்கு, தலைவரின் செயல் எந்த இடத்தில் எல்லை மீறுகிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

அமெரிக்க அமைப்பு எல்லாவற்றையும் மூடி வைத்தது என்று சொன்னால் அது நியாயமாகாது. முகாம் பாதுகாப்புக் கையேடு அங்கும் பொதுவில் கிடைக்கிறது. எந்த வெளிப்பயணத்திலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்ற விதி 1980களிலேயே வந்துவிட்டது. வரவு செலவும் மறைவானதல்ல. அமெரிக்க வருமான வரித் துறைக்குத் தொண்டு அமைப்புகள் தரும் 990 படிவத்தில் கடைசி மூன்று ஆண்டுகளுக்குரியதைக் கேட்பவருக்குக் காட்டியாக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பணத்துக்கு அவ்வளவு கறாரான சட்டம், பிள்ளைகளைப் பற்றிய உள்விதிகளுக்கு இல்லை. யார் உறுப்பினராகலாம், தவறு செய்த தலைவரை என்ன செய்வது என்ற இரண்டு கேள்விகளுக்கான விடை தலைமையகத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

முதல் கேள்விக்கு டேல் வழக்கைப் பார்க்கலாம். நியூ ஜெர்சியில் உதவிச் சாரண ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் டேல், தன்பால் ஈர்ப்புடையவர் என்பது நாளிதழ் செய்தியில் வந்ததும் 1990இல் நீக்கப்பட்டார். சிறுவயதிலிருந்தே சாரணராக வளர்ந்தவர் அவர். அவர் கையில் இருந்த சாரணர் நூல்களில் அப்படி ஒரு தடை எழுதப்படவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனபோது, 1978இல் செயற்குழுவினருக்கு எழுதப்பட்ட ஓர் உள் அறிக்கையை அமைப்பு தன் கொள்கைக்குச் சான்றாகக் காட்டியது. அந்த அறிக்கை பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டதற்குச் சான்றே இல்லை என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் சுட்டிக்காட்டினார். இருந்தும் 2000 ஜூனில் 5க்கு 4 என்ற கணக்கில் அமைப்பே வென்றது. தீர்ப்பு சரியா தவறா என்பதைச் சட்டம் படித்தவர்கள் பேசட்டும். கண்ணில் காட்டாத விதியைக் கொண்டு ஒருவரை வெளியேற்றலாமா என்பதே என் கேள்வி. கூடாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இரண்டாவது கேள்வியின் கதை இன்னும் கனமானது. சிறுவர்களிடம் தவறாக நடந்த தலைவர்கள் வேறு ஊரில் போய்ச் சேர்ந்துவிடாமல் தடுக்க, ‘தகுதியற்ற தன்னார்வலர் கோப்புகள்’ என்ற ஏற்பாட்டை அமெரிக்க அமைப்பு 1920களிலிருந்தே வைத்திருந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தக் கோப்பில் பெயர் ஏறியபின் என்ன நடக்கும், காவல் துறைக்குச் சொல்வார்களா, மற்ற பிள்ளைகளின் வீட்டுக்குச் சொல்வார்களா என்பது பெற்றோருக்குத் தெரியாது. 2010இல் போர்ட்லண்ட் நகர வழக்கொன்றில் ஜூரி அமைப்புக்கு 1 கோடியே 85 லட்சம் டாலர் தண்டனைத் தொகை விதித்தது. அங்கே சான்றாக வைக்கப்பட்ட கோப்புகளை வெளியிடலாம் என்று ஓரிகன் உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. அந்த அக்டோபரில் 1965 முதல் 1985 வரையிலான 1,200க்கும் மேற்பட்ட கோப்புகள் வெளியே வந்தன. காவல் துறைக்குத் தெரிவிக்காமல் சத்தமில்லாமல் விலகச் செய்யப்பட்டவர்களும், விலக்கப்பட்ட பின் வேறிடத்தில் மீண்டும் சேர்ந்தவர்களும் அவற்றில் இருந்தார்கள். சில சமயங்களில் தாங்கள் செய்தது போதாது, தவறானது என்று அமைப்பின் தலைவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

கோப்புகளை மூடி வைத்ததற்கு அமைப்பு சொன்ன காரணத்தைத் தள்ளிவிட முடியாது. பாதிக்கப்பட்ட சிறுவனின் பெயர் ஊர்வாயில் விழக் கூடாது. குற்றம் மெய்ப்பிக்கப்படாதவரின் பெயரும் அப்படித்தான். ஆனால் பெயர் வேறு, விதி வேறு. பெயர்களைப் பூட்டி வைத்துக்கொண்டே, ‘புகார் வந்தால் உடனே காவல் துறைக்குத் தெரிவிப்போம்’ என்ற ஒரு வரியை ஊரறியச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், தெரிவிக்காத ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு பெற்றோர் ‘ஏன்?’ என்று கேட்டிருப்பார்.

கொள்கையை மாற்றும் விதத்திலும் இந்த வேறுபாடு தெரிந்தது. 2012 ஜூலையில் அமெரிக்க அமைப்பு, தன்பால் ஈர்ப்புடையோர் மீதான தடை தொடரும் என்று அறிவித்தது. 11 பேர் கொண்ட குழு இரண்டாண்டு ஆராய்ந்த முடிவு அது. குழுவில் யார் யார் என்பதைச் சொல்லவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் பிரிட்டன் அமைப்பு, கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு வேறொரு உறுதிமொழி வேண்டுமா என்று வெளிப்படையாகக் கருத்துக் கேட்டது. 2014 ஜனவரியிலிருந்து மாற்று உறுதிமொழி நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவிலும் கதவு திறந்தபோது நடந்ததைப் பாருங்கள். உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டு, 2013 மே மாதம் 1,400க்கும் மேற்பட்ட பிரதிநிதிகளை வாக்களிக்கச் சொன்னார்கள். ரகசியக் குழு கட்டிக்காத்த தடை, சிறுவர்களைப் பொறுத்தவரை பத்தே மாதத்தில் 61 சதவீத வாக்கில் விழுந்தது.

இத்தனைக்கும் பிரிட்டன் அமைப்பு மாசற்றதல்ல. 2018 ஆகஸ்டில் வட வேல்ஸின் கிரேட் ஓர்ம் பாறைமுகட்டிலிருந்து 16 வயதுச் சாரணர் ஒருவர் விழுந்து இறந்தார். 2024 பிப்ரவரியில் முடிந்த மரண விசாரணையில், அது சட்டவிரோத மரணம் என்றும், அமைப்பின் அலட்சியமும் அதற்குக் காரணம் என்றும் ஜூரி சொன்னது. விதிகள் அச்சில் திறந்தே கிடந்தும் அந்தப் பிள்ளையைக் காக்கவில்லை. அந்தக் குடும்பம் முழு உண்மைக்காக ஐந்தாண்டுக்கு மேல் போராட வேண்டியிருந்தது. விதியை வெளியிட்ட அமைப்பு, விபத்து நடந்தபின் தன் விசாரணையையும் அதே மனத்தோடு திறந்து வைக்க வேண்டும். அங்கே பிரிட்டன் அமைப்பும் தவறியது.

ஆனாலும் இரண்டு தவறுகளையும் ஒரே தராசில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. விதி வெளியே இருந்தால், எது நடந்திருக்க வேண்டும் என்பதைக் குடும்பம் முதல் நாளே அறிந்துகொள்ள முடியும். விதி உள்ளே இருந்தால் அதற்கே நீதிமன்றப் படியேற வேண்டும். அமெரிக்கப் பிள்ளைகள் நரைத்த மனிதர்களான பிறகே பலருக்கு அந்தப் படி கிடைத்தது. 2020 பிப்ரவரியில் அந்த அமைப்பு திவால் பாதுகாப்புக் கேட்டபின், பாதிக்கப்பட்டவர்களிடமிருந்து வந்து சேர்ந்த கோரிக்கைகள் 82,000க்கும் மேல். ஒப்புக்கொண்ட இழப்பீடு 246 கோடி டாலர்.

பிள்ளையை முகாமுக்கு அனுப்பும் படிவத்தில் கையெழுத்திடப் போகிறவர்கள், உணவு என்ன, ஊர் எது என்று கேட்பதோடு, புகார் வந்தால் நீங்கள் பின்பற்றும் விதியைக் காட்டுங்கள் என்றும் கேளுங்கள். காட்ட மறுத்தால் கையெழுத்திடாதீர்கள்.