நீலம் ரோஸ் ஆனா ஆபத்து

ஈரப்பதம் என்ற சொல்லை எங்களை மாதிரி ஆட்கள் கற்றது கொள்முதல் நிலையத்தில்தான். நெல்லில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் மூட்டை திரும்பக் களத்துக்கே வந்துவிடும். விதைநெல் என்றால் 13க்குள் இறக்க வேண்டும். காயவைப்பது எங்களுக்குப் பரம்பரை வேலை. ஆனா நெல்லைவிட ஈரத்துக்குப் பயந்த சாமான் ஒண்ணு இருக்கு. அது கரண்ட்டுல ஓடுற சாமான். மோட்டார் ஸ்டார்ட்டர், ரேடியோ, செல்போன் எல்லாம் அதில் அடக்கம். இதுகளை ஈரத்திலிருந்து காப்பாற்ற மனுஷன் கத்துக்கிட்ட கதைக்கு நூறு வருஷ வயசு.

கிராமத்துப் பக்கம் வந்தீங்கன்னா டிரான்ஸ்பார்மரைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. பல டிரான்ஸ்பார்மர்களின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவை தொங்கும். உள்ளே ஜவ்வரிசி மாதிரி நீல நிற மணிகள். அதுதான் டிரான்ஸ்பார்மரின் மூக்கு. பகலில் சூடேறும்போது உள்ளே இருக்கும் எண்ணெய் விரிந்து காற்றை வெளியே தள்ளும். ராத்திரி குளிர்ந்ததும் சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்று இந்த மணிகள் வழியாகத்தான் போக வேண்டும். ஈரத்தை அவை பிடித்துக்கொள்ளும். குடித்துக் குடித்து வயிறு நிறைந்ததும் நீலம் மாறி ரோஸ் ஆகிவிடும். அதுக்கப்புறமும் மாத்தாம விட்டா ஈரம் நேரா எண்ணெய்க்குப் போகும். ஈரமான எண்ணெய் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் பலத்தை இழக்கும். சுருளைச் சுற்றியிருக்கும் காகிதமும் ஊறிப்போகும். ஒருநாள் 'டமார்'. கதிர் பால் பிடிக்கிற நேரத்துல இப்படி ஆச்சுன்னா, அந்த டிரான்ஸ்பார்மரை நம்பி இருக்கிற அத்தனை பம்புசெட்டும் நிக்கும். அந்தப் போகம் பதர்தான்.

அந்த மணிகளின் பெயர் சிலிக்கா ஜெல். புதுச் செருப்பு டப்பாவில் 'சாப்பிடாதீர்கள்' என்று எழுதிய பொட்டலமாக வருமே, அதேதான். பெயரில் ஜெல் இருந்தாலும் மணல் மாதிரி கெட்டியான பொருள். இதைப் பெரிய அளவில் தயாரிக்கும் வழிக்கு 1919ல் காப்புரிமை வாங்கியவர் வால்டர் பேட்ரிக், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர். முதல் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. போரின்போது நச்சுவாயு முகமூடிக்குள் ஆவியைப் பிடித்துவைக்க ஒரு பொருள் தேவைப்பட்டது. சிலிக்கா ஜெல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒரு கிராமுக்குள் இருக்கும் துளைச் சுவர்களை விரித்துப் போட்டால் சுமார் 700 சதுர மீட்டர் வரும். எங்க கணக்குல சொன்னா 17 சென்ட் நிலம், ஒரு சிட்டிகைக்குள்ள! காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு நீரை அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

மின்கருவிகளின் காவலாளியாக அது மாறியது இரண்டாம் உலகப் போரில். குளிர் நாட்டில் செய்த ரேடியோக்களை பர்மாவுக்கும் நியூ கினி காடுகளுக்கும் கொண்டுபோனார்கள். அங்கே மழையும் புழுக்கமும் விடாது. வயரைச் சுற்றியிருந்த பருத்தி நூலில் பூஞ்சணம் பூத்தது, இணைப்புகளில் களிம்பு ஏறியது. நடுக்காட்டில் ரேடியோ ஊமையானால் அந்தப் படைப்பிரிவின் கதி என்ன ஆகும்? எதிரியோட குண்டு ஒரு பக்கம்னா, மழைக்காலம் இன்னொரு பக்கம். அப்புறம்தான் ரேடியோவின் உள்பாகங்களுக்குப் பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து கலந்த வார்னிஷ் பூசினார்கள். கருவிகளைக் காற்றுப் புகாமல் மூடி, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் வைத்து அனுப்பினார்கள். வெப்ப நாடுகளுக்கென்று தனியாகக் கருவி செய்யும் பழக்கம் ஊன்றியது அப்போதுதான்.

போர் முடிந்ததும் அமெரிக்கக் கடற்படை நூற்றுக்கணக்கான கப்பல்களை எதிர்காலத் தேவைக்காக நிறுத்தி வைத்தது. உள்ளே இருக்கும் மின்கருவிகள் கெடாமல் இருக்க, கப்பலை மூடி முத்திரையிட்டு, ஈரம் உறிஞ்சும் எந்திரங்களை ஓடவிட்டார்கள். நியூ ஜெர்சி என்ற போர்க்கப்பலை 1948ல் இப்படி ஓய்வில் வைத்தார்கள். கொரியப் போருக்காக 1950லேயே அது திரும்பப் பணிக்கு வந்தது. நாங்க விதையைக் குதிருக்குள்ள வச்சு மண் பூசி மூடுறதுக்கும் இதுக்கும் அளவுதான் வித்தியாசம்.

இன்றைய சிப் விஷயம் இன்னும் நுணுக்கமானது. அதன் மேலே இருக்கும் பிளாஸ்டிக் காற்றிலுள்ள ஈரத்தை மெதுவாகக் குடித்துவிடும். தொழிற்சாலையில் பற்றவைக்கச் சூடாக்கும்போது அந்த ஈரம் ஆவியாகி, சிப் உள்ளுக்குள் வெடிக்கும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பாப்கார்ன்'. நெல்லுப்பொரி பொரியற அதே சங்கதி! அதனால்தான் சிப்புகளைக் காற்றுப் புகாத உறையில், ஈரம் உறிஞ்சும் பையோடும் நிறம் மாறும் அட்டையோடும் அனுப்புகிறார்கள். பல வகைச் சிப்புகளுக்கு, உறையைப் பிரித்த பிறகு 168 மணி நேரம்தான் கெடு. தாண்டினால் அடுப்பில் வைத்து உலர்த்திவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

இப்போ உங்க விஷயத்துக்கு வர்றேன். செல்போன் தண்ணியில விழுந்ததும் அரிசி டப்பாவைத் தேடுறீங்களே, அது வேண்டாம். நாங்க விளைவிச்ச அரிசிதான், ஆனாலும் சொல்றேன். அரிசியிலேயே 13, 14 சதவீதம் ஈரம் இருக்கு. அதால் போனுக்குள் இருக்கும் நீரைப் பெரிதாக இழுக்க முடியாது. தூளும் குருணையும் துளைக்குள் போய்ச் சேர்வதுதான் மிச்சம். ஆப்பிள் நிறுவனமே 2024ல் அரிசியில் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள். துளை கீழே பார்க்கும்படி பிடித்துத் தட்டி நீரை வடித்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நீரைவிட ஆபத்து அதில் கரைந்திருக்கும் உப்புதான். கரண்ட் ஓடிக்கொண்டிருந்தால் அரிப்பு பலமடங்கு வேகமாக நடக்கும்.

எங்க ஊரில் ஐப்பசி பிறந்தால் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவார்கள். உள்காற்று சூடாக இருந்தால் தகட்டில் நீர் கோக்காது. நான் கூடவே ஒரு துணிப்பையில் சிலிக்கா ஜெல்லும் போட்டு வைக்கிறேன். ஈரம் ஏறிய ஜெல்லை 120 டிகிரி வாக்கில் சில மணி நேரம் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். ஒரு எச்சரிக்கை: நீல மணிக்கு நிறம் தருவது கோபால்ட் குளோரைடு. அது புற்றுநோய் வரவழைக்கக்கூடியது என்பதால் ஐரோப்பா 2008ல் கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. சமையல் பாத்திரத்தில் அதை வறுக்காதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டவும் வைக்காதீர்கள். நிறமில்லாத வெள்ளை மணியில் அந்தப் பயம் இல்லை. செருப்பு டப்பாவில் அது வந்தால் தூக்கிப் போடாமல் காய்கறி விதை டப்பாவுக்குள் போடுங்கள். விதையில் ஒரு சதவீதம் ஈரம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது விதை ஆராய்ச்சியாளர்களின் கணக்கு. மாடித்தோட்டம் போடுறவங்களுக்கு அது போதும்.