முகத்தில் முதுமைப் புள்ளிகள்

பல ஆண்டுகள் வெயில் பட்ட தோலில் தோன்றும் தட்டையான பழுப்புத் திட்டுகளே முதுமைப் புள்ளிகள். கன்னம், நெற்றி, புறங்கை ஆகிய இடங்களில், பெரும்பாலும் 40 வயதுக்குப் பின் தென்படும். வலியோ அரிப்போ இராது. வயதைவிட வெயிலுக்கே இதில் பங்கு அதிகம். எவ்வளவு முதியவரானாலும், எப்போதும் துணி மறைத்திருக்கும் இடங்களில் இவை பொதுவாக வருவதில்லை. புற ஊதாக் கதிர்கள் ஆண்டுக்கணக்கில் படும்போது, மேல்தோலின் அடியடுக்கிலுள்ள நிறமிச் செல்கள் பெருகி, மெலனினை அளவுக்கு மீறிச் சுரந்து ஓரிடத்தில் குவிக்கின்றன.

முகத்தில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் முதுமைப் புள்ளி அல்ல. மாநிறமும் கறுப்பும் கொண்ட தோலில் இதைவிட மங்குதான் அதிகம். அது இரு கன்னங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி படரும். கர்ப்பம், கருத்தடை மாத்திரை, வெயில் ஆகியவை அதைத் தூண்டும். கண்ணைச் சுற்றிக் கடுகளவில் புடைத்து நிற்பவை கறுப்பு மருக்கள். முகப்பரு ஆறிய தழும்பு இன்னொரு வகை. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு என்பதால், எது என்று தெரியாமல் களிம்பு தேடுவது வீண். ஒரு புள்ளி வேகமாகப் பெரிதானாலோ, விளிம்பு ஒழுங்கற்றுப் போனாலோ, பல நிறங்கள் கலந்து தெரிந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ உடனே தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மெலனோமா என்னும் தோல் புற்றுநோயின் ஒரு வகை, முதியோர் முகத்தில் சாதாரணப் புள்ளியைப் போலவே தொடங்கும். அந்த ஐயம் தீராமல் லேசர் செய்யக் கூடாது.

முதுமைப் புள்ளிகளால் உடலுக்குத் தீங்கில்லை, அப்படியே விட்டுவிடலாம். நீக்க விரும்புவோருக்கு டிரெட்டினாயின், ஹைட்ரோகுவினோன் களிம்புகள் சில மாதங்களில் பலன் தரும். கர்ப்பிணிகள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். ஹைட்ரோகுவினோனை மேற்பார்வையின்றி நெடுநாள் பூசினால் தோல் நீலக் கறுப்பாக மாறக்கூடும். திரவ நைட்ரஜனால் உறையவைத்தல், லேசர் ஆகியவை விரைவாகப் பலன் தருபவை. ஆனால் நிறம் செறிந்த தோலில் முன்னதால் வெள்ளைத் தழும்பும், பின்னதால் மேலும் கருமையும் நேரலாம். அனுபவமுள்ள கையில், சிறிய இடத்தில் முதலில் சோதித்துப் பார்ப்பதே நல்லது.

பெரிய ஆபத்து மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ‘சிவப்பழகு’க் களிம்புகளில் இருக்கிறது. பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் சில வாரங்களில் முகம் பளிச்சென்றாகும். பிறகு தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, பரு வெடிக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும் என்பதால் மீண்டும் அதையே பூசுகிறார்கள். பாதரசம் கலந்த களிம்புகள் சிறுநீரகத்தையே கெடுக்கும். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை இவற்றை நிறுத்த 2020-ஐக் காலக்கெடுவாக வைத்தும் விற்பனை ஓயவில்லை. எலுமிச்சைச் சாற்றைப் பூசி வெயிலில் போனால் தோல் வெந்து புதிய கருமை படியும்.

தடுப்பதற்கு வெயில் காப்புக் களிம்பே முதன்மை. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், புற ஊதா-ஏ கதிரையும் தடுப்பதாக இருக்க வேண்டும். அந்தக் கதிர் ஜன்னல் கண்ணாடியையும் ஊடுருவும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பூசி, வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். காலை 10 முதல் மாலை 4 மணிவரை குடையும் அகன்ற தொப்பியும் உதவும். மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்த, நிறமூட்டிய களிம்பு மேலானது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியும் மங்கைக் கூட்டும், சாதாரணக் களிம்பு அதைப் போதிய அளவு தடுக்காது.