கோலகங்சாரின் ஒன்பது கன்றுகள்: நிபந்தனையின்றிக் கொடுத்ததன் வரலாறு

பேராக் மாநிலத்தின் அரச நகரான கோலகங்சாரில், பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ 1877-ஆம் ஆண்டில் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார். அவற்றிலிருந்து தொடங்கும் மலாயா ரப்பரின் கதை ஒருபுறம் முதலீட்டின் வெற்றிக்கதையாகவும், மறுபுறம் கங்காணிகளின் பின்னே கடல் கடந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் துயரக்கதையாகவும் எழுதப்பட்டு வந்துள்ளது. இரண்டும் உண்மையே. எனினும், தடையின்றிக் கைமாறிய ஒரு பொருளை, அதைப் பெற்றவர்களே பின்னர் எவ்வாறு அடைத்து வைத்தார்கள் என்னும் மூன்றாவது கதை போதிய கவனம் பெறவில்லை. மென்பொருள் உலகம் 1980-களில் இதே சிக்கலை எதிர்கொண்டு ‘அளிப்புரிமை’ என்னும் ஏற்பாட்டின் மூலம் அதற்கு விடை கண்டது. அந்த விடையின் அருமை பேராக்கின் பால்மரக் காடுகளை அறிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும்.

ரப்பர் மரத்தின் தாயகம் அமேசான் காடு. ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலின் தப்பாஜோஸ் ஆற்றுப் பகுதியில் திரட்டிய சுமார் 70,000 விதைகள் 1876 ஜூனில் லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவை அடைந்தன. ரப்பர் விதையின் முளைப்புத்திறன் சில வாரங்களிலேயே கெட்டுவிடும் என்பதால், அவற்றுள் நூற்றுக்கு நான்கு கூட முளைக்கவில்லை. முளைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பதே கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தவை. விக்கமுக்குக் கூலி கிடைத்தது, கியூவுக்குப் பெருமை கிடைத்தது, பேரரசுக்குப் புதியதொரு தொழிலே கிடைத்தது. பிரேசிலுக்கு மட்டும் எதுவும் திரும்பவில்லை, திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையை எவரும் எழுதி வைக்கவும் இல்லை.

1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, ஏற்கெனவே வெட்டிய காயத்தின் விளிம்பிலேயே பட்டையை மெல்லிய சீவலாக மீண்டும் சீவினால் மரம் சாகாமல் மேலும் மேலும் பால் தரும் என்பதைக் கண்டறிந்து, அம்முறையை மறைக்காமல் வெளியிட்டார். விதைகளையும் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார்; கேளாத காப்பித் தோட்டக்காரர்களையும் வற்புறுத்தினார். 1890-களின் இறுதியில் காப்பி விலை வீழ்ந்தபோது, அதுவரை அவரைப் பொருட்படுத்தாத துரைமார்கள் ரப்பருக்குத் திரும்பினர். சிங்கப்பூரிலும் கோலகங்சாரிலும் வளர்ந்த தாய் மரங்களின் விதைகள் பேராக்கெங்கும் பரவின. பெருந்தோட்டக் கம்பெனிகள் மட்டுமன்றி, மலாய்க்காரரும் சீனரும் தம் சிறு நிலங்களில் அதே விதையை நட்டார்கள். கொடுத்த கை எந்த வேறுபாடும் காட்டவில்லை. அந்தத் தாராளம் இல்லாதிருந்தால் சிறுதோட்டக்காரர் என்றொரு வகுப்பே மலாயாவில் தோன்றியிருக்காது.

இங்கே விதைக்கு உள்ள தனித்தன்மையைக் குறிப்பிட வேண்டும். புகைபோட்டுக் காயவைத்த ரப்பர் ஷீட்டை எத்தனை டன் வாங்கினாலும் அதிலிருந்து ஒரு மரத்தையும் வளர்க்க முடியாது. மரத்தை வளர்க்க விதை வேண்டும், அல்லது 1910-களின் பிற்பகுதியில் ஜாவாவில் உருவாகிப் பின்னர் மலாயாவில் வேரூன்றிய ஒட்டுமுறைக்கான மொட்டு வேண்டும். அவ்வேலை மிக நுட்பமானது. நாற்றங்காலில் விரல் பருமன் தாண்டிய கன்றின் அடித்தண்டில் பட்டையைச் சிறு கதவு போலக் கீறி விலக்கி, நல்விளைச்சல் மரத்தின் கிளையிலிருந்து மொட்டோடு உரித்த பட்டைத் துண்டை, உட்புறத்தில் விரல் படாமல் அதனுள் செருகி, ஈரம் புகாதபடி இறுகக் கட்ட வேண்டும். ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துக் கட்டவிழ்த்துப் பார்த்து, மொட்டு பச்சையாக இருந்தால் கன்றின் தலையை வெட்டிவிட வேண்டும். அதன்பின் எழும் மரம் தாய் மரத்தின் அச்சு அசலான படி. ஒரே மரத்திலிருந்து இவ்வாறு பெருக்கப்பட்ட மரங்களின் தொகுதியைக் ‘குளோன்’ என்பர். எவரிடம் மொட்டுக்கிளை இருக்கிறதோ அவரிடமே தொழிலின் எதிர்காலம் இருந்தது.

கதவு சாத்தப்பட்டதும் இந்த இடத்தில்தான். 1922 முதல் 1928 வரை நடைமுறையில் இருந்த ஸ்டீவன்சன் திட்டம் விலையைக் காக்க ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 1934-இல் பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ், இந்தியா, சயாம் ஆகியவை கையெழுத்திட்ட பன்னாட்டு ரப்பர் உடன்படிக்கை அதையும் தாண்டிச் சென்று, புதிய நடவைத் தடுத்ததோடு, விதை, மொட்டு, கன்று முதலிய நடவுப் பொருள்களின் ஏற்றுமதிக்கும் தடை விதித்தது. சிறுதோட்டக்காரருக்கு ஒதுக்கப்பட்ட பங்கு அவர்களது உண்மையான விளைச்சலுக்கு மிகக் குறைவு என்பதைப் பொருளியலாளர் பி. டி. பாவர் பின்னர் எடுத்துக்காட்டினார். பிரேசிலிலிருந்து வந்து, எந்த நிபந்தனையுமின்றிப் பரவிய ஒரு மரத்தின் விதை, இவ்வாறு அறுபது ஆண்டுகளுக்குள் அரசுகளின் காவலுக்குள் போயிற்று. ரிட்லி கொடுத்தபோது, ‘பெற்றவர் பிறருக்கும் இவ்வாறே கொடுக்க வேண்டும்’ என்று கேட்கவில்லை. கேட்பதற்கான சட்டக் கருவியும் அன்று இல்லை.

அக்கருவி உருவானது அமெரிக்காவில். மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவில் எழுதப்படும் நிரலை ‘மூலநிரல்’ என்பர். கணினியில் ஓடும் மென்பொருள் அதிலிருந்து ஆக்கப்படுவது. மூலநிரல் விதை என்றால், கடையில் விற்கும் மென்பொருள் ரப்பர் ஷீட். ஜேம்ஸ் காஸ்லிங் எழுதி, பலரிடமும் தாராளமாகப் புழங்கிய ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பியின் ஒரு வடிவம் 1983-இல் யூனிபிரஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதன் பகுதியொன்றைத் தம் நிரலில் சேர்த்திருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை நீக்கிப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. இத்தகைய அனுபவங்களிலிருந்து பிறந்ததே 1989-இல் வெளிவந்த குனு பொதுமக்கள் உரிமம். மென்பொருளை எதற்கும் பயன்படுத்தலாம், மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால் திருத்தியதைப் பிறருக்கு வழங்குபவர் அதன் மூலநிரலையும் இதே உரிமைகளோடு வழங்கியாக வேண்டும். படைத்தவருக்குப் பதிப்புரிமைச் சட்டம் தரும் அதிகாரத்தைக் கொண்டே, எவரும் பொதுப்பொருளை அடைத்துக்கொள்ளாமல் தடுப்பதே இதன் நுட்பம். அளிப்புரிமை என்பது இதுவே. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் மறு ஆண்டே இவ்வுரிமத்தின்கீழ் வந்தது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இதே கொள்கையுடைய உரிமத்தில்தான் வளர்ந்து வருகிறது.

ரப்பர் உலகமும் பிற்காலத்தில் நிபந்தனையோடு பகிரக் கற்றுக்கொண்டது. 1981-இல் பன்னாட்டு ரப்பர் ஆராய்ச்சி வளர்ச்சி வாரியமும் பிரேசிலும் இணைந்து அமேசான் காடுகளில் திரட்டிய 64,000-க்கு மேற்பட்ட விதைகளில் பாதி பிரேசிலிலேயே வைக்கப்பட்டது. எஞ்சியவை மலேசியாவுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் பிரித்தளிக்கப்பட்டன. 1876-இல் நடந்ததற்கும் இதற்கும் இடையிலுள்ள வேறுபாடு, கொடுக்கல் வாங்கலின் விதி முன்கூட்டியே எழுதப்பட்டதுதான். பகிர்வின் பயனுக்கு அதற்கு முன்பே சான்று உண்டு: மலேசியத் தோட்டங்களில் மிகப் பரவலாக நடப்பட்ட ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் குளோனே, ஜாவாவின் ட்ஜிர் 1-ஐயும் சிலாங்கூரின் பி.பி. 86-ஐயும் கலந்து 1937-இல் உருவான இனத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. டச்சு, பிரிட்டிஷ் ஆகிய இரு ஆட்சிகளின் மரங்கள் கலக்காதிருந்தால் அது பிறந்திருக்காது.

பயிர் விதைக்கு அளிப்புரிமை அளிக்கும் முயற்சிகளும் தொடங்கிவிட்டன. பதிப்புரிமை விதைக்குப் பொருந்தாது என்பதால் ஒப்பந்தத்தையோ வாக்குறுதியையோ நம்ப வேண்டியிருக்கிறது. மென்பொருளைக் காட்டிலும் இது வலுவிழந்த பிடிதான். அமெரிக்காவின் திறமூல விதை இயக்கம் முறையான உரிமத்தைக் கைவிட்டு, 2014-இல் ஓர் உறுதிமொழியோடு விதைகளை வெளியிட்டது. ஜெர்மனியிலோ 2017-இல் ‘சன்விவா’ என்னும் தக்காளி ரகம், அதிலிருந்து உருவாக்கும் ரகங்களுக்கும் தனியுரிமை கோரக்கூடாது என்ற உரிமத்தோடு வெளிவந்தது. மலேசியாவின் 2004-ஆம் ஆண்டுப் புதிய தாவர ரகப் பாதுகாப்புச் சட்டம் ரகத்தை உருவாக்கியவருக்குத் தனியுரிமை தந்தாலும், சிறு விவசாயிகள் தங்களுக்குள் அளவோடு நடவுப் பொருளைப் பரிமாறிக்கொள்வதை அனுமதிக்கிறது. இந்த அனுமதி நல்லதே; ஆனால் அது விதிவிலக்காகத் தரப்பட்ட சலுகையே தவிர உரிமையன்று. பேராக்கின் பழைய தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனையும் வீட்டுமனைகளும் வந்துவிட்டபோதிலும், ரப்பர் நடும் சிறுதோட்டக்காரர் இன்னும் இருக்கிறார்கள். பொதுப்பணத்தில் இனி உருவாக்கப்படும் குளோன்களையேனும், பெற்றவர் பிறருக்கும் அவ்வாறே தரக் கடமைப்பட்டவர் என்னும் உரிமத்தோடு மலேசிய ரப்பர் வாரியம் வெளியிட வேண்டும்.