காதால் படிப்பவருக்காகக் கண்ணால் திருத்தும் தொண்டு

பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டால் பார்வையற்றவர் அதைக் கேட்டுப் படித்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஸ்கேன் செய்தது வெறும் படம். அதிலுள்ள எழுத்துகளை அடையாளம் கண்டு தட்டச்சு வடிவமாக்க ‘ஓசிஆர்’ எனப்படும் மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருள் விடும் பிழைகளை மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டுத் திருத்த ஒரு மனிதர் வேண்டும். அச்சகங்களில் ‘புரூஃப் பார்ப்பது’ என்று சொல்லும் அதே வேலைதான் இது. தமிழில் மெய்ப்புப் பார்த்தல். இதற்குச் சம்பளம் இல்லை, பட்டமும் தேவையில்லை.

யாருக்கு இது வேண்டும்? பிறவியிலேயே பார்வை இழந்தவர்களுக்கு மட்டும் அல்ல. நம் சமூகத்தில் இனிப்பு நீர் நோயால் நடுவயதில் பார்வை மங்கியவர்கள் உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்விலும் பெரியவர்களிடையே இந்நோய் இந்தியர்களிடம்தான் அதிகமாகக் காணப்பட்டது. நாற்பது ஆண்டுகள் நாளிதழும் நாவலும் படித்த ஒருவர் ஐம்பத்தைந்து வயதில் பிரெயில் எழுத்தை விரலால் தடவிக் கற்பது எளிதல்ல. அவருக்குக் கேட்பதே வழி. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951 முதல் இயங்கி வருகிறது, பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. கோலா கிளாவாங்கிலிருந்து அங்கே போக வேண்டுமானால் புக்கிட் தங்கா மலைப்பாதையில் இறங்கி, சிரம்பானில் ரயில் பிடிக்க வேண்டும். கைப்பேசியோ கையிலேயே இருக்கிறது. ஆண்டிராய்டில் ‘டாக்பேக்’கை இயக்கினால் திரையில் உள்ள தமிழை அது வாசிக்கும். வாசிக்கத் தகுந்த தமிழ் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணால் படிப்பவர் பிழையைத் தானே திருத்திக்கொண்டு போய்விடுவார். காதால் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. துணைக்காலையும் ‘ர’வையும் மென்பொருள் அடிக்கடி குழப்பும். ‘காடு’ அப்போது ‘கரடு’ ஆகிவிடும். இரண்டும் உண்மையான சொற்கள் என்பதால் கேட்பவருக்குச் சந்தேகமே வராது. ஒரு புள்ளி விடுபட்டால் ‘பால்மரம்’ ‘பாலமரம்’ ஆகும். ‘தேன்’ ‘தென்’ ஆகும். இவற்றைவிட மோசமானது கண்ணுக்கே தெரியாத பிழை. ‘கௌரவம்’ என்பதில் வரவேண்டிய ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் தனித்தனியே விழுந்திருக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கைப்பேசி மட்டும் ‘கெ-ள-ரவம்’ என்று வாசிக்கும். ஆகவே திருத்திய பக்கத்தை ஒருமுறை கைப்பேசியையே வாசிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

வரி முடிவுகளும் தொல்லை தருபவை. தமிழ் அச்சில் இடம் போதாவிட்டால் சொல்லை வெட்டி, கோடு போடாமல் மறுவரிக்குக் கொண்டுபோவது வழக்கம். சேர்க்காவிட்டால் ‘தோட்டத்’ என்று நின்று, பிறகு ‘திலிருந்து’ என்று குரல் தொடங்கும். பக்கத்துக்குப் பக்கம் மேலே அச்சிட்ட நூற்பெயரை நீக்காவிட்டால், கதையின் நடுவாக்கியத்தில் அது ஒலிக்கும். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன் அச்சான நூல்களில் ‘ணா’, ‘றா’, ‘லை’, ‘னை’ போன்றவற்றின் பழைய வடிவங்கள் இருக்கும். மென்பொருள் அங்கே திணறும். அவற்றைச் சின்ன வயதில் படித்த தாத்தா பாட்டிகளுக்கோ அது தண்ணீர் பட்ட பாடு.

இந்த முயற்சிக்கு முன்னோடிகள் உண்டு. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் வளர்த்தது. அமெரிக்காவில் பார்வையற்றோர் ஒரே புத்தகத்தை ஆளுக்கொருவராகத் தனித்தனியே ஸ்கேன் செய்து சிரமப்பட்டனர். அந்த வீண் உழைப்பைத் தவிர்க்க 2002-இல் ஜிம் புரூக்டர்மேன் ‘புக்‌ஷேர்’ நூலகத்தைத் தொடங்கினார். அதில் ஸ்கேன் செய்தவர்களிலும் சரிபார்த்தவர்களிலும் பார்வையற்றவர்களே பலர்.

இன்று தமிழில் இதைச் செய்ய எளிதான இடம் விக்கிமூலம். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் பல அங்கே உள்ளன. ஒருபக்கம் ஸ்கேன் படம், மறுபக்கம் எழுத்து. சரிபார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் திருத்தினால் மஞ்சள். வேறொருவர் மீண்டும் பார்த்தால்தான் பச்சை. ஒருவரே இரண்டையும் செய்ய முடியாது, நல்ல ஏற்பாடு. கணக்குத் தொடங்கியவர்தான் நிறத்தை மாற்றலாம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் பார்த்தாலும் போதும்.

ஆசிரியர் எழுதியதை ‘நல்ல தமிழாக’ மாற்றக்கூடாது என்பது முக்கிய விதி. தோட்ட மக்களின் கை இங்கேதான் தேவைப்படுகிறது. நம் தோட்டக் கதைகளில் வரும் ‘பெரட்டு’ என்ற சொல்லைத் தோட்டம் அறியாத ஒருவர் பிழை என்று எண்ணிப் ‘புரட்டு’ ஆக்கிவிடலாம். ‘தண்டல்’ என்றதும் அவருக்கு வட்டிக்காரர் நினைவு வரும். பெரட்டுக் களத்தில் நின்றவருக்கு, கிராணி பெயர் கூப்பிட்டதைக் கேட்டவருக்கு, அந்தக் குழப்பமே வராது.

உரிமை விஷயத்தில் கவனம் வேண்டும். மலேசியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு; அதற்குள் உள்ள நூலை எல்லோரும் எடுக்கும்படி இணையத்தில் போடக்கூடாது. ஆனால் பார்வையற்றோருக்கு மட்டும் தருவதற்குத் தனிவழி இருக்கிறது. அச்சைப் படிக்க இயலாதோருக்கான மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் உருவானது; 2014-இல் அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. மலேசியாவில் அது 2022 ஜூன் 30-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் இத்தகைய பிரதிகளை உருவாக்கவும், உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகளோடு பகிரவும் இது இடம் தருகிறது. ஆக, சென்னையில் ஓர் அமைப்பு சரிபார்த்த நாவல் ஜெலுபுவில் உள்ள ஒருவரின் காதுக்கு வந்து சேரலாம். இங்கே சரிபார்த்த தோட்டக் கதையும் அங்கே போகலாம்.